தாத்தாவின் ஊரைத் தேடிப் போகலாமா? ஒரு வாசகியின் கேள்வி

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து 56 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

சென்ற ஆண்டு அவருடைய அப்பா 83 வயதில் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, சாமி மேடைக்குக் கீழே இருந்த இழுப்பறையை ஒழித்தபோது ஒரு நீல நிற ஏர்மெயில் கடிதம் கிடைத்தது. 1974-இல் தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகாவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்தது. "அன்புள்ள தம்பிக்கு" என்று தொடங்குகிறது. அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. தன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், நம் அப்பா (வாசகியின் தாத்தா) இறந்த செய்தி காதில் விழுந்ததே தவிர என்றைக்கு என்று இன்றுவரை தெரியாது, அவருடைய சமாதியிலிருந்து ஒரு பிடி மண்ணாவது அனுப்பு என்று எழுதியிருக்கிறார் அந்த அண்ணன். அப்பா பதில் போட்டதாகத் தெரியவில்லை.

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1958-இல் இறந்து பிடாடரி மயானத்தில் அடக்கமானவர். வாசகி அங்கே போய்ப் பார்த்தபோது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளும் பூங்காவும்தான் இருந்தன. "கேட்ட மண்ணை அப்பா அனுப்பவில்லை, இப்போது அனுப்ப மண்ணும் இல்லை" என்று எழுதுகிறார். ஊரில் முதல் மனைவி இருக்கும்போதே 1939-இல் இங்கே பாட்டியைத் தாத்தா மணந்திருக்கிறார். பாட்டிக்குத் திருமணச் சான்றிதழும் கிடையாது. "அப்படியானால் நாங்கள் முறையான குடும்பம் இல்லையா?" என்பது அவருடைய பெரிய வேதனை. 79 வயது அம்மா, "செத்தவர்களைக் கிளறாதே" என்கிறார். தம்பியோ கடிதத்தைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து, பெரியப்பாவின் பேரன் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் வாட்ஸ்அப்பில் "அத்தை" என்று அழைத்துப் பேசுகிறார். தாத்தாவுக்கு ஊரில் சமாதி கட்ட 2 லட்சம் ரூபாய் வேண்டும், நிலத்தின் பட்டாவை (நிலம் யார் பெயரில் என்று காட்டும் அரசுப் பதிவை) சரிசெய்ய, உங்கள் சார்பில் செயல்பட அனுமதிக்கும் ஓர் அதிகாரப் பத்திரமும் வேண்டும் என்கிறார். தம்பிக்கு, ஊரில் நமக்கு உள்ள பாகத்தை விடக்கூடாது என்ற எண்ணம். போகலாமா, போனால் எதற்காகப் போவது, எப்படிப் போவது என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

போய் வாருங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் சொந்தம் தேடிப் போகிறீர்களா, பாகம் கேட்டுப் போகிறீர்களா? இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பயணத்தில் கலந்தால் இரண்டுமே கெடும். உயில், சொத்து, வாரிசு விவகாரங்களைப் பார்ப்பதே என் தொழில். நிலத்தைப் பற்றி முதல் நாளே வாய்விட்டதால் திண்ணையைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு வேண்டியது சொந்தம்தான் என்று தெரிகிறது. அந்த நோக்கத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

பாட்டியைப் பற்றிய கவலை

இதை முதலில் இறக்கி வையுங்கள். 1939-இல் இந்துச் சட்டப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கத் தடை இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அதைத் தடுத்த சட்டம் 1949-இல்தான் வந்தது. சிங்கப்பூரில் திருமணங்களை முறைப்படுத்தும் மாதர் சாசனம் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது 1961 செப்டம்பரில். அதுவரை இங்கே இந்துக்கள் கோவிலிலோ வீட்டிலோ சடங்கு முறைப்படி தாலி கட்டினாலே திருமணம் செல்லும், பதிவு கட்டாயமில்லை. உங்கள் பாட்டியிடம் சான்றிதழ் இல்லாததற்குக் காரணம் அதுதான். அந்தத் தலைமுறையில் பலரிடம் இல்லை. பாட்டி சட்டப்படியே மனைவி. உங்கள் அப்பா சட்டப்படியே மகன். ஊரில் இருந்த முதல் மனைவி, அதாவது உங்கள் பெரிய பாட்டியும் அப்படியே.

சட்டம் தீர்க்கிற விஷயம் இவ்வளவுதான். ஊரில் ஒரு பெண் கணவன் இறந்த நாள்கூடத் தெரியாமல் வாழ்ந்து முடிந்திருக்கிறார். அந்த வருத்தம் அவர் பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம் இன்னும் இருக்கலாம். அங்கே யாராவது ஒரு வார்த்தை கசப்பாகச் சொன்னால் பாட்டிக்காக வழக்காடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பயமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கிளறாதே" என்று அவர் சொல்வது, மாமியாரின் பெயர் சந்தியில் நிற்குமோ என்ற பதைப்பாக இருக்கலாம். மேலே சொன்ன சட்ட விவரத்தை அவரிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற மாதிரி வேண்டாம், அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிற மாதிரி பேசுங்கள்.

பிடாடரி

கல்லறை போனதற்கு உங்கள் குடும்பத்தின் அலட்சியம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடாடரியில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள், சிங்களவர்கள் என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 1972-இல் அடக்கம் நிறுத்தப்பட்டது. பிறகு 2000களில் கல்லறைகளைத் தோண்டியெடுத்து, நிலத்தை வீடமைப்புக்கு ஒதுக்கினார்கள். இந்தச் சின்னத் தீவில் கல்லறை நிரந்தரம் என்று யாருமே சொல்லிக்கொள்ள முடியாது. இன்று அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே மயானமான சுவா சூ காங்கில்கூட 1998 முதல் 15 ஆண்டு வரம்பு இருக்கிறது.

தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதுங்கள். தாத்தாவின் பெயர், இறந்த தேதி, பிடாடரி இந்துப் பகுதி என்று தெளிவாகக் குறிப்பிட்டு, அடக்கப் பதிவும் எச்சங்கள் என்ன ஆயின என்ற விவரமும் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்திலும் பழைய அடக்கப் பதிவேடுகள் உள்ளன. என்ன பதில் வந்தாலும் சரி, மவுண்ட் வெர்னன் சாலைப் பக்கம் பிடாடரி நினைவுத் தோட்டம் இருக்கிறது. பழைய வாயில் தூண்களையும் சில கல்லறைக் கற்களையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தாத்தாவை நினைத்து நிற்க ஓர் இடம் வேண்டுமென்றால் அங்கே நிற்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கையிலேயே இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. ஊரில் இருந்தவர்கள் மண்ணை மட்டுமா கேட்டார்கள்? என்றைக்கு இறந்தார் என்று தெரியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தேதி இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி கணித்துவிடலாம். திதி தெரியாமல் அமாவாசையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, 60 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாத நாளை நீங்கள் கொண்டுபோய்ச் சொல்லப் போகிறீர்கள். மண் கிடைக்காததை நினைத்து அழவேண்டாம்.

முதலில் உயிரோடு இருப்பவர்கள்

வேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆவணத்திலிருந்தோ கல்லறையிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் எப்போதும் மாற்றித்தான் சொல்வேன். ஆவணம் அடுத்த ஆண்டும் அதே அலமாரியில் இருக்கும். 79 வயது அம்மாவின் ஞாபகம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்பாவோடு துறைமுகக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "நல்ல மனுஷன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். குலதெய்வம் எது? முதல் முடி எங்கே இறக்கினார்கள், எந்தச் சாமிக்கு என்று நேர்ந்துகொண்டார்கள்? வீட்டில் யாருக்காவது காத்தாயி, வீரன், அய்யனார் என்று சாமி பெயர் வைத்திருக்கிறார்களா? தாத்தாவுக்குப் பட்டப்பெயர் உண்டா? யார் யாரை மாமா என்றும், யார் யாரைச் சித்தப்பா என்றும் அழைத்தார்கள்? நம் கிராமங்களில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். சாமியின் பெயரும் வீட்டின் பட்டப்பெயரும் தெரிந்தால், டீக்கடையில் நின்று கேட்டாலே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். டெல்டா கிராமங்களில் "சிங்கப்பூரார் வீடு" என்றே பெயரான வீடுகளும் உண்டு.

வாய்மொழியை அப்படியே தேதியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தாத்தா 1922-இல் ரஜூலா கப்பலில் வந்தார் என்று பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரஜூலா ஓடத் தொடங்கியதே 1926-இல்தான். ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது அவர் வேறு கப்பலில் வந்து, ஊருக்குப் போய்த் திரும்பியபோது ரஜூலாவில் வந்திருக்கலாம். இரண்டாவது உண்மையானால், அந்தப் பயணத்தில்தான் முதல் கல்யாணம் நடந்ததோ என்னவோ. இதையும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஆவணங்கள். சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவு 1872-இலேயே தொடங்கிவிட்டது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் கட்டணம் செலுத்திப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறலாம். அப்பாவின் பிறப்புப் பதிவையும் எடுங்கள். தாத்தாவின் தொழிலும் குடியிருந்த முகவரியும் அதில் கிடைக்கலாம். பெயரைத் தேடும்போது ஒன்று மனதில் இருக்கட்டும்: அந்தக் காலத்து எழுத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே முத்துசாமியின் பெயர் நாலு இடத்தில் நாலு விதமாக இருக்கும். இரட்டை எழுத்தை ஒற்றையாக்கியும், "சாமி"யை விட்டும், அப்பா பெயரை முன்னால் போட்டும் தேடிப் பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் உள்ளன. 1958-இல் தாத்தா இறந்த வாரத்து இதழ்களைப் பார்த்துவிடுங்கள்.

கடிதத்தில் உள்ள முகவரியை வைத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில் தேடி, அப்படி ஓர் ஊரே இல்லை என்று வருந்துகிறீர்கள். ஊர் இருக்கும், மாவட்டம்தான் மாறிவிட்டது. பழைய தஞ்சாவூர் ஜில்லா பல துண்டாகிவிட்டது: 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. மன்னார்குடி இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே நீடாமங்கலம், கூத்தாநல்லூர் என்று தனித் தாலுகாக்களும் இருப்பதால் அவற்றின் கிராமப் பட்டியல்களையும் பாருங்கள்.

வாட்ஸ்அப் மருமகனும் நிலமும்

அந்தப் பையன் உண்மையான சொந்தமாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தை உங்கள் தம்பி ஊரறியப் போட்டுவிட்டதால், அதில் உள்ள எந்த விவரத்தை அவர் சொன்னாலும் அது ஆதாரமாகாது. கடிதத்தில் இல்லாததைக் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயர், பெரிய பாட்டியின் பெயர், தாத்தாவோடு பிறந்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரோடு வீடியோவில் பேச வையுங்கள் என்று சொல்லுங்கள். சொந்தக்காரராக இருந்தால் சந்தோஷமாகப் பேச வைப்பார். ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டால் நீங்களும் தள்ளியே நில்லுங்கள். அதுவரை ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். பாஸ்போர்ட் நகல், அடையாள அட்டை, தாத்தாவின், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் எதையும் படமெடுத்து அனுப்ப வேண்டாம். வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் பத்திரம் தயாரிக்கவும் கேட்கப்படுபவை இந்தத் தாள்கள்தான். திதி விஷயத்தை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

அதிகாரப் பத்திரத்தில் நிச்சயம் கையெழுத்துப் போடாதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால், அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து, உங்கள் பெயரில் விற்கவும் அடமானம் வைக்கவும் அவருக்கு அதிகாரம் போய்விடும். "பட்டா மாற்றத்துக்கு மட்டும்" என்று வாயால் சொல்வது பத்திரத்தில் இருக்காது.

உங்களுக்கு உரிமை உண்டா என்று தம்பி கேட்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு நிலத்துக்கு அந்நாட்டுச் சட்டம்தான். தாத்தா 1958-இல் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அவருடைய சுயசம்பாத்திய நிலமாக இருந்தால், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, மனைவியர் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பங்கு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊரில் இரண்டு பிள்ளைகள், இங்கே உங்கள் அப்பா ஒருவர் என்று வைத்துக்கொண்டால் நிலம் நாலு பங்காகும். அப்பாவுக்கு ஒன்று. நாலாவது பங்கில் பாதி பாட்டிக்கு. பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு வேறு. சிங்கப்பூர்க் குடியுரிமை இருப்பதால் வாரிசு உரிமை போய்விடாது, விளைநிலமாக இருந்தாலும் வாரிசாக அடையலாம்.

ஆக, தம்பி சொல்வதில் சட்டப்படி ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் 1958-க்குப் பிறகு அந்த நிலம் விற்கப்பட்டிருக்கலாம், கைமாறியிருக்கலாம், அவர்கள் பெயரில் பட்டா ஆகியிருக்கலாம். கூட்டு வாரிசு ஒருவர் அனுபவித்து வந்தால் அது மற்றவர்களுக்காகவும் அனுபவித்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். ஆனால் மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து 12 ஆண்டுகள் அனுபவித்தார்கள் என்று காட்டிவிட்டால் வழக்கு அவர்கள் பக்கம் சாயும். அதை நீதிமன்றத்தில் பேசி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் அந்த நிலத்தில் உழுது நட்டு, வெள்ளத்திலும் வறட்சியிலும் அதைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், பாகம் கேட்காதீர்கள் என்பேன். இது சட்டமில்லை, என் அபிப்பிராயம். தம்பி ஏற்கத் தேவையில்லை. ஆனால் வழக்குப் போடுவதென்றால் அதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். நீங்கள் சாப்பிட்டு எழுந்த வீட்டுக்குப் பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் போகக் கூடாது.

விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள். பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். பத்திரப்பதிவுத் துறையில், நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் எடுக்கலாம். பட்டா மட்டும் உரிமைக்கு முழு ஆதாரமாகாது என்பதால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு நீங்களும் தம்பியும் உங்களுக்கென்று ஒரு தமிழ்நாட்டு வழக்கறிஞரை வைத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் கொண்டுவரும் வழக்கறிஞர் வேண்டாம். பாட்டியின் பங்கும் அப்பாவின் பங்கும் யார் யாருக்கு இறங்கியிருக்கிறது என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும். அம்மாவும் அப்பாவின் வாரிசு. அவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

ஊரில்

முதல் பயணத்துக்கு நீங்களும், முடிந்தால் உங்கள் பிள்ளைகளில் ஒருவரும் போதும். தம்பி அடுத்த முறை வரட்டும். மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ அறை எடுத்துக்கொண்டு காலையில் கிராமத்துக்குப் போங்கள். தங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். இரண்டாவது நாள் தங்கலாம். பூ, பழம், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களிடம் ஊர்ப் பெரியவர்கள் எதிர்பார்க்கும் கோடாலித் தைலத்தையும் மறக்காதீர்கள். பணக் கவரை முதல் நாள் நீட்ட வேண்டாம். கூட்டம் கூடும், யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்கு விட்டீர்கள் என்ற பேச்சு பின்னால் சண்டையாகும்.

உட்கார்ந்ததும் தாத்தாவின் படத்தையும் 1974-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். பெரியப்பா இருந்தால் அவர் கையெழுத்தை அவரே பார்க்கட்டும். இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் பார்க்கட்டும். "அப்பா பதில் போடவில்லை, காரணம் எங்களுக்கும் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்காக நீங்கள் காரணம் கற்பிக்க வேண்டாம். தாத்தா இறந்த தேதியை அப்போது சொல்லுங்கள். பிறகு, "நிலத்துக்காக வரவில்லை" என்று அங்கேயே மூத்தவர் காதில் விழும்படி ஒரே ஒரு முறை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொன்னால் சந்தேகம்தான் வரும். "எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று யாராவது தாளை நீட்டினால், "எங்கள் வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

பெரிய பாட்டியை அடக்கம் செய்தார்களா, எரித்தார்களா என்று கேளுங்கள். அடக்கம் என்றால் இடுகாட்டில் சமாதி இருக்கலாம். சில ஊர்களில் பெண்கள் அங்கே போவதில்லை. போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் கூட்டிப்போனால் போங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிடலாம். தாத்தாவுக்குச் சமாதி கட்டும் பேச்சு உண்மையிலேயே குடும்பத்திலிருந்து வந்தால், யார் இடம், யார் செலவு, பெயரும் தேதியும் எப்படி எழுதுவது என்பதை எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, உங்கள் பங்கைக் கட்டுகிற மேஸ்திரியிடமே கொடுங்கள்.

ஊர்ப் பக்கம் மழை விட்டபிறகு, தை பிறந்து போவது நல்லது. அறுவடை முடிகிற சமயம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பொங்கலுக்கு வீட்டில் இருப்பார்கள். அதற்குள் அம்மாவிடம் பேசிப் பதிவு செய்துவிடுங்கள், சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதிவிடுங்கள், தம்பியிடம் சொல்லி அந்தக் கடிதப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து இன்றே எடுக்கச் சொல்லுங்கள். விடுதலைப் பத்திரம் என்று பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன் வரைவை என்னிடம் அனுப்புங்கள். சிங்கப்பூரில் கையெழுத்தாகும் பத்திரத்துக்கு நோட்டரியும், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் சான்றும் எப்படிப் பெறுவது என்று அப்போது விளக்குகிறேன்.